நாடிவிலை

காலை ஆறரைக்குத் துறைமுகப் பேருந்து கிளம்பியதும் எல்லோரும் கொட்டாவி விடத் தொடங்கினார்கள். தூக்கத்தினால் அல்ல. திங்கட்கிழமை புதுப் பாடல்கள் வெளியாகும் நாள். காதுக்குள் பதித்திருக்கும் செவிமணி விலையைச் சொல்வதற்குள் உடம்பைச் சோம்பலாக்கிக்கொள்ள அவர்கள் பழகியிருந்தார்கள். சிலர் பல்வலியை நினைத்துக்கொண்டார்கள், சிலர் மின்கட்டணத்தை.

கிரேன் ஓட்டும் ஜெசிந்தாவுக்கு அந்த வித்தை தேவைப்பட்டதே இல்லை. எந்தப் பாட்டும் அவளுக்கு ஐந்தாறு ரூபாயைத் தாண்டியதில்லை. அன்று செவிமணி சொன்னது: "கல்லுமுனை. ஒன்பது பாடல்கள் கொண்ட தொகுப்பு. பாடியவர் ஹில்டா. உங்கள் விலை எழுபத்திரண்டாயிரம் ரூபாய்."

பக்கத்து இருக்கை செய்யது பாய் காதைத் தட்டிக்கொண்டார். "கல்லுமுனை எனக்குப் பதினோரு ரூவா. வாங்கிட்டேன். உனக்கு எவ்வளவும்மா?"

"எழுவத்திரெண்டாயிரம்."

அவர் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார். "யாரு அந்தப் புள்ள?"

"கூடப் பாடினவ."

ஒரு காலத்தில் இசைத்தட்டுக்கு எல்லோருக்கும் ஒரே விலைதான். ஜனங்கள் கடைகளை விட்டுப் பதிவிறக்கத்துக்கு மாறினார்கள். ஒருவர் இறக்கியதை ஊரே நகலெடுத்தது. விலை தரைக்கு வந்தபோது நிறுவனங்கள் நாடிவிலையைக் கொண்டுவந்தன. செவிமணி பாட்டின் பெயரைச் சொல்லும், நாடியைக் கவனிக்கும். எவ்வளவு ஆசையோ அவ்வளவு விலை. இறக்கிய பாட்டு வாங்கியவர் காதுக்குள் மட்டும்தான் ஒலிக்கும். செய்யது பாய் நினைத்தாலும் அவளுக்குக் கேட்கக் கொடுக்க முடியாது.

ஹில்டாவும் அவளும் சேர்ந்துதான் மெட்டுப் போட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பு இருவருமாகச் சென்னை போவதாக ஏற்பாடு. ரயில் ஏறியது ஹில்டா மட்டும். அதன் பிறகு ஹில்டா எண்ணை மாற்றிக்கொண்டாள்.

ஜெசிந்தா விலைத்தணிப்பு நிலையத்துக்குப் போனாள். பயிற்சியாளர் சுகிர்தா நிதானமாகச் சொன்னாள். "பேரக் கேட்டதும் அவங்க செஞ்ச கெடுதல நினைங்க. தெனமும் நூறு தடவ. மூணு வாரத்துல மனசு ஆறிரும்."

ஜெசிந்தா நினைத்தாள். ஹில்டா கர்வக்காரி. மெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவள். ஒரு வார்த்தை விசாரிக்காதவள். விலை நாற்பதாயிரமாயிற்று, பிறகு ஆறாயிரம். மூன்றாவது வெள்ளிக்கிழமை செவிமணி நூற்றுத்தொண்ணூறு என்றது. அன்று மாலையே வாங்கிவிடுவதாக இருந்தாள்.

பேருந்தில் செய்யது பாய் ஏதோ முனகிக்கொண்டு வந்தார்.

"நல்லாருக்கே பாய். என்ன பாட்டு?"

"நீ வாங்கணும்னு இருந்தியே, அந்தக் கல்லுமுனைதான். மூணாவது பாட்டு."

அது அவள் போட்ட மெட்டு. மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள், அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் நின்று, ஹில்டாவின் முதுகில் தாளம் தட்டிப் போட்டது. அதை யாரோ ஒருவருடைய பாட்டைப் போல நல்லாருக்கே என்று சொல்லியிருக்கிறாள்.

துறைமுகத்துக்குப் போகாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேரே சுகிர்தாவிடம் போனாள்.

"திரும்ப ஏத்தணும்."

"என்னத்த?"

"வெலைய."

சுகிர்தா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "ஏத்தணும்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லக்கா. நூத்துத்தொண்ணூறுக்குக் கெடைக்கப் போற பாட்டு."

"நூத்துத்தொண்ணூறுக்கு வாங்கினா நூத்துத்தொண்ணூறுக்குத்தான் எனக்குக் கேக்கும். நீங்க சொன்னதெல்லாம் பொய்யி. கெடுதல் செஞ்சது அவ இல்ல."

சுகிர்தா நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்போ உண்மைய நினைங்க. வேற வழி தெரியல எனக்கு."

மறுநாளிலிருந்து, மற்றவர்கள் கொட்டாவி விட்ட அதே பேருந்தில் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து உண்மையை நினைத்தாள். துறைமுக வேலை உத்தரவு வந்ததை மறைத்தேன். பயந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன். ரயில் கிளம்பும் வரைக்கும் அவள் அடித்த அழைப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. முதல் சில நாள் நாடி அசையவே இல்லை. ஆறிய மனசைச் சுட வைப்பது ஆற வைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் விடவில்லை. இரண்டாயிரம், முப்பதாயிரம் என்று ஏறிற்று. ஒரு புதன்கிழமை செவிமணி எண்பத்தெட்டாயிரம் என்றது. வீட்டு முன்பணத்துக்கென்று வைத்திருந்தது தொண்ணூறாயிரம்.

"வேணாம்மா," என்றார் செய்யது பாய். "ரெண்டு நாள் பொறு, எறங்கிரும்."

"அதுக்குத்தான் பயப்படுதேன் பாய்," என்று சொல்லி வாங்கினாள்.

மதிய இடைவேளையில் கிரேன் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். கீழே கொள்கலன்கள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. மூன்றாவது பாட்டு தொடங்கியபோது இரண்டு கையாலும் இயக்குபிடியைப் பற்றிக்கொண்டாள். ஐந்தாவது பாட்டின் நடுவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டை நிறுத்தாமலே எடுத்தாள்.

"கம்பெனிலருந்து சொன்னாங்க," என்றது குரல். "எம் பாட்ட எவரும் வாங்காத வெலைக்கு ஒருத்தர் வாங்கிருக்காங்களாம். பேரு சொல்ல மாட்டாங்களாம், ஊரு மட்டும் சொன்னாங்க. ஏட்டி, நீயா?"

"நாந்தான்."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"எனக்கு அன்னிக்குக் காய்ச்ச இல்ல ஹில்டா."

"தெரியும்ட்டி," என்று மட்டும் வந்தது. "சரி, கேளு. நா அப்பறமாக் கூப்பிடுதேன்."

"வைக்காத. அப்படியே இரு. இன்னும் நாலு பாட்டு இருக்கு."

ஹில்டா வைக்கவில்லை.