தலைப்பில்லாத மூன்று லட்சம் படங்கள்

செவ்வாய்க் கிரகத்தில் மூளையைத் துடைத்துக்கொள்வது பல் சுத்தம் செய்துகொள்வது மாதிரிதான். பத்து வருடத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்தால் போதும். அங்கிருக்கும் கதிர்வீச்சில் நினைவுகள் அப்பளம்போல நமுத்துவிடும். அவற்றைத் துடைத்துவிட்டு, கண்ணுக்குள் பதித்த, அழுத்தி இமைத்தால் படமெடுக்கும் கருவி சேர்த்து வைத்திருக்கும் படங்களிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். நினைவேற்றம் என்று பெயர். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு படத்திலும் தலைப்பும், யார், எங்கே என்று ஒரு வரியும் எழுதியிருக்க வேண்டும். எழுத்தில்லாத படம் மூளையில் ஒட்டாது.

நிலத்தடிக் குடியிருப்பில் குழாய் மேற்பார்வையாளராக இருந்த சிற்றரசு ஒரு படத்துக்கும் எழுதியதில்லை. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் படங்கள்! அவர் கண்ணுக்குள் இருப்பதால் வேறு யாரும் எழுதித்தரவும் முடியாது. மனைவி கோமளவல்லி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். மனிதர் நாளைக்கு, நாளைக்கு என்றே செவ்வாய்க்கு வந்த பத்து வருடத்தையும் ஓட்டிவிட்டார். இப்போது அவருடைய முதல் நினைவேற்றத்துக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. தவறவிட்டால் மறுபடி இடம் கிடைப்பது மூன்று வருடம் கழித்துத்தான். அதுவரை மூளை தாங்காது.

காலையில் காபியும் கையுமாக உட்கார்ந்தார். முதல் படம் மசால் தோசை. அதையே பதினேழு முறை எடுத்திருந்தார். எதை வைப்பது, எதை அழிப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. அடுத்து ஒழுகும் குழாய், ஒன்பது கோணங்களில். அப்புறம் யாருடைய கல்யாணமோ. மாப்பிள்ளை யாரென்று சத்தியமாகத் தெரியவில்லை. ‘தோசை’ என்று எழுதினால் எந்த ஊர், யாரோடு என்று கேட்டுக் கருவி திருப்பி அனுப்பியது. இது என்ன இழவு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முதல்ல என் படத்துக்கு எழுதுங்க. மீதி எக்கேடு கெட்டாப் போகட்டும்” என்றாள் கோமளவல்லி.

“நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? வரிசையா வரேன். உன்னைக் கடைசியில பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை மருத்துவமனை வண்டி வந்தபோது அறுநூற்றுப் பத்து படங்கள் முடிந்திருந்தன. எல்லாம் தோசையும் குழாயும். வண்டியில் ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய் அவள் படத்தைத் தேட ஆரம்பித்தார். கிடைப்பதற்குள் மயக்க மருந்தைக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்த மருத்துவர் ஒரே சந்தோஷமாக, எண்பத்துநாலாயிரம் படங்கள் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். கோமளவல்லிக்கு நம்ப முடியவில்லை. பூமியிலிருக்கும் சொந்தக்காரர்கள் விடிந்தால் அனுப்பும் ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, சூரியோதயம் எல்லாம் அந்தக் கண்ணுக்குள்தான் கிடந்தன. அவற்றில் அனுப்பியவர் பெயர், ஊரோடு எழுத்து ஏற்கெனவே இருந்தது.

சிற்றரசு கண் விழித்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“இனிய புதன்கிழமை காலை வணக்கம். இந்த நாள் இனிதாக அமையட்டும்” என்றவர், தயங்கி, “நீங்க யாரும்மா?” என்று கேட்டார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவள். கண்ணீரை அடக்க அழுத்தி இமைத்தாள். கூப்பிய கையோடு அவர் முகம் படமாகப் பதிந்தது. அடுத்த மாதம் அவளுக்கு நினைவேற்றம் என்பதை ஞாபகப்படுத்திவிட்டு, இவர் யார், தலைப்பு என்ன என்று கருவி கேட்டது.

“இவர் யாருன்னு எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தவள், ‘பிறகு’ என்பதை அழுத்தினாள்.