மூன்றாவது வாட்டர் பம்ப்

“அப்பா...!”

ஸ்ரீவித்யாவின் அலறலில் அஸ்தினாபுரத்தின் அந்தத் தெருவே ஜன்னலைத் திறந்தது.

ஹால் தரையில் சத்யநாராயணன் கிடந்தார். ரிட்டயர்டு பேங்க் மானேஜர். வாயோரம் பச்சையாய் நுரை. வேட்டியெல்லாம் ஈரம். நாற்றம்... வாசல்வரை அடித்தது!

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ததில், இன்ஸ்பெக்டர் நாகலக்ஷ்மி கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கான்ஸ்டபிளுடன் உள்ளே வந்தாள்.

டீப்பாயில் பாதி குடித்த கரும்பு ஜூஸ்.

“யார் வாங்கிட்டு வந்தது?”

“நான்தான் மேடம்.” மருமகன் அனந்தகிருஷ்ணன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. மடிப்பு கலையாத சட்டை. “மாமாவுக்குக் கரும்பு ஜூஸ்னா உயிர். ஐஸ் சரியில்ல போல... ஃபுட் பாய்சன்.”

“நீங்க குடிக்கலை?”

“எனக்கு ஒத்துக்காது.”

போர்ட்டிகோவில் ‘டங்’கென்று சத்தம்!

பழைய காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“நீ யாருப்பா?”

“மெக்கானிக் குமரவேல் மேடம். ஐயா வண்டிக்கு வாட்டர் பம்ப்பு பூட்ச்சு. இந்த வருசத்துல மூணாவது.”

“மூணா? அது பம்ப்பா, பல்ப்பா?”

“துரு பிடிச்சு லீக்காவுது மேடம். அப்பால எஞ்சின் கொதிக்குது. பேஜாரு புடிச்ச வண்டி!”

“எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் ஊத்தினா துரு பிடிக்காதே?”

குமரவேல் தலையைச் சொறிந்தான். “ஊத்திகினுதான் கீறேன்... காலைலகூட ஒரு புது கேன் டிக்கில வச்சேன்.”

நாகலக்ஷ்மி டிக்கியைத் திறந்தாள்.

கேனில் பாதிதான் இருந்தது!

அவள் போன் அலறியது. ஆஸ்பத்திரி.

“இன்ஸ்பெக்டர்! பிரஷர் இறங்கிட்டே இருக்கு. என்ன குடிச்சார்னு தெரிஞ்சாத்தான் மருந்து! சீக்கிரம்!”

“லைன்லயே இருங்க டாக்டர்!”

ஹாலுக்கு ஓடினாள்.

அழுது அழுது தொண்டை வறண்ட ஸ்ரீவித்யாவின் கை, தன்னையறியாமல் டீப்பாய் டம்ளரை எடுத்தது. உதட்டருகே கொண்டு போனது...

“அதைக் குடிக்காத!”

பாய்ந்து தட்டிவிட்டான் அனந்தகிருஷ்ணன். டம்ளர் உருண்டது. பச்சை வழிந்தது.



“ஐஸ் சரியில்லாத ஜூஸுக்கா சார் இப்படிப் பாயறீங்க?” நாகலக்ஷ்மி நெருங்கினாள். “டிக்கியில இருக்கிற கூலண்ட்ல பாதி எங்கே போச்சு?”

மடிப்பு கலையாத சட்டை வியர்வையில் கலைந்தது.

“பில்டர் எத்தனை தடவை வந்தான்! எத்தனை ஃபிளாட் வரும் இந்த இடத்துல! கிழவர் கேட்டாத்தானே? எப்படியும் வித்யா பேர்ல உயில் எழுதின வீடு...”

“பாவி...! அப்ப என்னை மட்டும் எதுக்குக் காப்பாத்தின?” ஸ்ரீவித்யா கத்தினாள்.

நாகலக்ஷ்மிதான் பதில் சொன்னாள்.

“உங்கப்பாவுக்கு முன்னாடி நீ போயிட்டா வீடு உன் தம்பிக்குப் போயிடுமேம்மா!”

ஸ்ரீவித்யா, சாம்பாரில் மிதந்த கரப்பானைப் பார்ப்பதுபோல் புருஷனைப் பார்த்தாள்.

“தூ!”

நாகலக்ஷ்மி போனில் கத்தினாள். “டாக்டர்! கூலண்ட்! காருக்கு ஊத்தற கூலண்ட்!”

“கடவுளே! அது கிட்னியையே...”

வாசலில் குமரவேல் மெல்ல நழுவினான். கான்ஸ்டபிள் அவன் காலரைப் பிடித்தார்.

“எங்கடா ஓடறே? விஷம் சப்ளை பண்ணது நீதானே? கொலை கேஸ்ல நீதான் ரெண்டாவது ஆள்!”

“ஐயோ மேடம்! அதுல கூலண்ட்டே இல்ல!”

“என்னது?”

“பழைய கேனு... ஷெட்டுத் தொட்டித் தண்ணி... கொஞ்சம் பச்சைக் கலர்ப்பொடி. அவ்ளோதான் மேடம், சத்தியமா!”

“எந்தத் தொட்டி?”

குமரவேல் தரையைப் பார்த்தான்.

“கை கய்வுறது... கால் கய்வுறது... அல்லாத்துக்கும் அந்தத் தொட்டிதான்.”

நாகலக்ஷ்மி கர்சீப்பை மறுபடி மூக்கில் அழுத்தினாள்!

“சீ...! அதான் மூணு பம்ப்பும் துரு பிடிச்சுச் செத்துதா?”

“ஆமா மேடம்...”

டாக்டர் போனிலேயே பெருமூச்சு விட்டார். “அப்ப இது வாந்திபேதி! உடம்புல தண்ணி இல்லாமத்தான் பிரஷர் இறங்குது. எதுக்கும் ஒரு டெஸ்ட் பார்த்துடறேன். டிரிப்ஸ் ஏத்தினா எழுந்து உட்கார்ந்துடுவார்!”

ஸ்ரீவித்யா சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அனந்தகிருஷ்ணன் குமரவேலை நோக்கிச் சீறினான். “ஃப்ராடு! ஒரிஜினல் விலை வாங்கிட்டு சாக்கடையையாடா குடுத்தே?”

விலங்கு ‘க்ளிக்’கென்றது. குமரவேலின் கையிலும்.

“இன்னா மேடம் அநியாயம்? நான்தானே ஐயா உசிரையே காப்பாத்திகீறேன்! எனக்கு எதுக்கு விலங்கு?”

நாகலக்ஷ்மி கர்சீப்பை மூக்கிலிருந்து எடுத்தாள்.

“அவர் கொலை பண்ணப் பார்த்தார்... நீ அந்தக் கொலையிலயும் கலப்படம் பண்ணிட்டியே! ஏறுடா ஜீப்ல!”