சிமிட்டிய சிவப்புப் புள்ளி

மாலை ஏழு மணிக்குக் குடியிருப்பின் நாற்பது வீடுகளும் ஒருசேர இருளில் மூழ்கின. பூமி சூடாவதை நினைவூட்ட ஒரு மணி நேர விளக்கணைப்பு... ஒவ்வொரு வீடும் மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முக்கால் மணி நேரம் கழிந்தும், லேசான தூறலைப் பொருட்படுத்தாமல் அனைவரும் முற்றத்தில் கூடியிருக்க, அறிவியல் ஆசிரியையான அவள் மட்டும் மாடிப்படியின் கீழிருந்த மீட்டர் அறைக்கு விரைந்தாள்.

அங்கே டார்ச்சுடன் ஒருவன் நின்றிருந்தான். மீட்டர் கணக்கெடுப்பவன்... அதுவும் அவள் வீட்டு மீட்டரின் முன்னால்.

எந்த மீட்டரும் ஓடவில்லை என்று சான்று கூற அவனை அழைத்தவர், குடியிருப்புச் சங்கத் தலைவரான அவள் அப்பா. "நம்ம வீடுதான் முன்மாதிரி" என்று ஒரு வாரமாக மார்தட்டிக்கொண்டிருந்தார். அவர் கீழே இறங்கியதும் அவள் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டதை அவர் அறியார். அவளது துணி அலமாரிக்குள் குஞ்சு பொரிக்கும் பெட்டியொன்று ரகசியமாய் இயங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முட்டைகள், இருபதாம் நாள். இப்போது சூடு குறைந்தால், நாளை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு குஞ்சும் மிஞ்சாது. குடியிருப்பில் எந்தப் பிராணியும் கூடாதென்ற விதியை எழுதியவரும் அப்பாவே.

"என்ன பாக்குறீங்க?"

"மீட்டரைத்தாங்க. மத்ததெல்லாம் தூங்குது. உங்களோடது மட்டும் கண்ணடிக்குது."

சிவப்புப் புள்ளி சிமிட்டியது... மழைத்துளி தங்கிய அவன் இமைகளும் சிமிட்டின. இந்தக் கண்களை நம்பாதே என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

"மாசத்துக்கு ஒரு தடவைதானே ரீடிங்? இந்த மாசம் மூணு தடவ வந்தீங்க, மாடியிலேர்ந்து பாத்தேன். எங்க வீட்டை வேவு பாக்கச் சொன்னது யாரு? அப்பாவா?"

"அப்ப... நீங்களும் என்னைப் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

"பேச்சை மாத்தாதீங்க."

கன்னம் சுட்டது. நல்லவேளை, இருட்டு.

செருப்புச் சத்தம்... அப்பா.

"என்ன தம்பி, எங்க வீட்டு மீட்டர் ஓடலைல்ல?"

அவன் டார்ச்சை அணைத்தான். "சார்... மழை ஈரம்... சரியா தெரியல."

பொய் சொல்லிப் பழகாத குரல். தனக்காக இவன் ஏன் தடுமாற வேண்டும்?

"ஓடுதுப்பா," என்றாள் அவள். "அலமாரியில முட்டைய அடைக்கு வெச்சிருக்கேன். நாளைக்குப் பொரியும். தப்பு என்னோடது, அவரோடது இல்ல."

அப்பா குனிந்து, சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"ஊரைக் கூட்டி வெச்சுட்டு நான் நிக்கிறேன்... என் மானத்தை வாங்கிட்டியேம்மா." இரண்டு அடி நடந்தவர் நின்றார். "எத்தனை முட்டை?"

"பன்னெண்டு."

"நம்ம வீடு தோத்துப்போச்சுன்னு நானே போய்ச் சொல்லிடுறேன். நீ பெட்டியை மட்டும் அணைச்சிடாத."

அவர் சென்றபின் அவள் மீண்டும் அவன்பக்கம் திரும்பினாள். சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"இப்ப சொல்லுங்க. மூணு தடவ எதுக்கு?"

"முதல் தடவ ரீடிங்குக்கு. அன்னைக்கு நீங்க மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டாவது தடவ... அந்தத் துணி காஞ்சுதான்னு பாக்க வந்தேன்னு வெச்சுக்கோங்க. மூணாவது தடவ மழை. கொடியில துணியே இல்ல. ஆனா நீங்க நின்னீங்க." குரல் தாழ்ந்தது. "உங்களைப் பாக்கத்தாங்க வந்தேன்."

'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று முற்றத்தில் யாரோ கூவினார்கள். அவன் விரல் டார்ச்சின் பொத்தானைத் தேடியது.

"போடாதீங்க."

"ஏங்க?"

"வெளிச்சத்துல எனக்குச் சொல்ல வராது..." அவள் மீட்டரின் சிவப்புப் புள்ளியையே பார்த்தபடி சொன்னாள். "துணியே இல்லாத கொடிகிட்ட, மழையில, யாருக்காக நின்னேன்னு நினைக்கிறீங்க?"