புல்லில் கிடந்த இரண்டாவது கையுறை

பதினான்கு வருடம் முன்வாசல் வழியாக வந்தவன், அந்த ஏப்ரல் காலையில் மைதானத்தின் பின்வாசல் வழியாக வந்தான். கையில் தகரச் சாப்பாட்டு டப்பா. தோளில் மண்ணைச் சமப்படுத்தும் ஒரு பரம்பு.

ஆமோஸ் ரெட்டிக் என்றால் மில்ஹேவன் ஊரில் தெரியாதவர் கிடையாது. பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே, பந்து மின்னலாய்ப் பாயும் இடத்தில் நிற்பவனை ஷார்ட்ஸ்டாப் என்பார்கள். 1896 முதல் 1909 வரை அந்த இடம் ஆமோஸுடையது. முப்பத்தெட்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ணியது. இலையுதிர் காலத்தில் அணி அவனை அனுப்பிவிட்டது. வசந்தத்தில், போனால் போகிறதென்று மைதானத்தைப் பராமரிக்கும் வேலையைக் கொடுத்தது.

அவன் இடத்துக்கு வந்தவன் எமில் டிராபெக். இருபத்தோரு வயது. நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்து ஆள். நாய்க்குட்டி மாதிரி எல்லோரிடமும் ஒட்டிக்கொள்பவன். கையில் பளபளவென்று புது மஞ்சள் கையுறை.

முதல் நாளே காலால் மண்ணைச் சீண்டிவிட்டுக் கேட்டான். "என்ன பெருசு, இங்க ஒரே கல்லா கெடக்கு. உங்க காலத்துலயும் இப்படித்தானா? அதான் பந்தெல்லாம் உங்க கைல படாம போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆமோஸும் சிரித்தான். அன்றைக்கு மைதானம் முழுக்கப் பரம்பு ஓட்டினான். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு கல்லைக்கூடப் பொறுக்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி லாட்டி ஆப்பிள் பை சுட்டால் அதில் ஒரு துண்டு எமிலுக்குப் போயிற்று. "அவன் உன்னைவிட நல்லாத்தான் ஆடுறான் ஆமோஸ். ஒத்துக்கிட்டா ராத்திரி தூக்கமாவது வரும்" என்றாள், மாவைப் பிசைந்துகொண்டே. அவள் பொய் சொல்பவள் அல்ல. அதுதான் அவனைச் சுட்டது.

மே மாதம், ஒரு புதன்கிழமை ஆட்டம். நல்ல வெயில்.

பந்தடிக்கும் முறை வந்ததும் மில்ஹேவன் ஆட்கள் கையுறைகளைக் கழற்றி, அவரவர் நின்ற இடத்துக்குப் பின்னால் புல்லில் வீசிவிட்டு உள்ளே ஓடினார்கள். எந்த ஊர் ஆட்டக்காரனும் அப்படித்தான். கையுறையை யாரும் உள்ளே தூக்கிப் போவதில்லை. திரும்பி வரும்போது குனிந்து எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஓர் இடத்துக்கு ஒரு கையுறை.

ஆமோஸ் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்குப் பின்னால் பார்த்தான்.

இரண்டு கிடந்தன.

ஒன்று மஞ்சள். அதிலிருந்து பத்தடி தள்ளி, கறுப்பாக, சின்னதாக இன்னொன்று. மண்கட்டியாக இருக்கும் என்று கண்ணைத் துடைத்தான். எதிரணிக்காரன் ஒருவன் அதன் மேலேயே நடந்து போனான், குனிந்துகூடப் பார்க்கவில்லை. எமில் திரும்பி வந்து மஞ்சளை எடுத்தபோது, கறுப்பு அங்கே இல்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஆமோஸ் போய்ப் பார்த்தான். எட்டு நாளாக மழை இல்லை. புல் காய்ந்து சரசரத்தது. ஆனால் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் நசுங்கி, ஈரமாக இருந்தது. தொட்டான். மே மாத வெயிலில், பனிக்கட்டியின் குளிர். விரலை முகர்ந்தான்.

ஆற்றுச் சேறு. ஊறிப்போன தோல்.

அந்த வாடை அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவன் மார்ட்டி ஹாலோரன். 1896-இல் ஹாலோரனை அனுப்பிவிட்டு இருபத்துநாலு வயது ஆமோஸை எடுத்தார்கள். கடைசி நாள் ஹாலோரன் தன் பழைய கையுறையை, விரல் நுனிகளை வெட்டிவிட்ட அந்தக் கறுப்புத் தோலை, வழக்கம்போல் புல்லில் போட்டிருந்தான். ஆமோஸ் அதைக் காலால் எத்தித் தள்ளிவிட்டுத் தன்னுடையதை அங்கே போட்டான். அணியே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாலோரன் கோபப்படவில்லை. நேராக வந்து கையை நீட்டினான். "கையக் குடுடா தம்பி. எடத்த முறையா வாங்கிக்க."

ஆமோஸ் கொடுக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அந்தக் குளிர்காலத்தில் ஹாலோரன் கூலிக்கு ஆற்றில் பனிக்கட்டி அறுக்கப் போனான். பனி பிளந்து உள்ளே விழுந்தான். மார்ச் மாதம்தான் உடல் கிடைத்தது. குளிருக்காக இடது கையில் அந்தக் கையுறையையே மாட்டியிருந்தான். கை ஊதிப்போய், கழற்ற முடியவில்லை. அப்படியே புதைத்தார்கள். ஆமோஸும் குழிக்குப் பக்கத்தில் நின்றான். அப்போது முகர்ந்த வாடை.

அடுத்த நாள் ஆட்டத்திலும் கறுப்பு கிடந்தது. பத்தடி ஆறடியாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை, மூன்றடி.

எமிலிடம் சொல்லலாம். ஒரே வார்த்தை போதும். ஆமோஸ் இரண்டு முறை அவன் பக்கத்தில் போய் நின்றான். இரண்டு முறையும் எமில் அழகாகச் சிரித்து, லாட்டி சுட்ட ஆப்பிள் பையைப் புகழ்ந்தான். ஆமோஸ் சொல்லாமல் திரும்பினான்.

சனிக்கிழமை, பலகை இருக்கைகள் கொள்ளாத கூட்டம். ஐந்தாவது சுற்றில் மில்ஹேவன் பந்தடித்துக்கொண்டிருந்தபோது ஆமோஸ் வாளியிலிருந்து எழுந்து நின்றான்.

மஞ்சள் கையுறை இருந்த இடத்தில் கறுப்பு கிடந்தது. மஞ்சள் ஒரு கெஜம் தள்ளி, குப்புறக் கிடந்தது. யாரோ காலால் எத்தித் தள்ளிய மாதிரி.

சுற்று முடிந்தது. எமில் ஓடி வந்தான். கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, சிரித்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தான். வழக்கமான இடத்துக்கு வந்ததும், பார்க்காமலே குனிந்தான்.

ஆமோஸின் குரல் அந்த மைதானம் முழுக்க அறிந்த குரல். ஓர் அதட்டல் போட்டிருந்தால் நின்றிருப்பான்.

வாயைத் திறந்தான்.

அந்த இடம் காலியாகும் என்று தோன்றியது.

வாயை மூடிக்கொண்டான்.

எமில் கையை உள்ளே விட்டான். அவன் கத்தவில்லை. மெதுவாக முழங்காலில் உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். ஆமோஸ் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கை வெறுங்கையாக இருந்தது. புறங்கையில் நான்கு நீல வரிகள். அடியில், கட்டைவிரல் கனத்துக்கு ஒன்று.

"மெஷின்ல மாட்டினாத்தான் எலும்பு இப்படி நொறுங்கும்" என்றார் டாக்டர். இனி அந்தக் கை பந்து பிடிக்காது என்பதையும் தணிந்த குரலில் சொன்னார்.

தூக்கிப் போகும்போது எமில் ஆமோஸின் சட்டையைப் பிடித்து இழுத்தான். உதடு வெளுத்திருந்தது.

"பெருசு… உள்ள ஒரு கை இருந்துச்சு. கை குலுக்குற மாதிரி புடிச்சுது. ஆளப் பாத்துட்டு, இது இல்லைன்னு விட்ட மாதிரி விட்டுச்சு."

மாற்று ஆட்டக்காரன் ஏற்கெனவே கணுக்கால் உடைந்து படுத்திருந்தான். அன்று சாயங்காலமே மேனேஜர் ஸ்வீனி வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு மட்டும் நின்று கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஆமோஸ் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் பாவனை செய்தான்.

லாட்டி பெட்டியிலிருந்து அவன் கையுறையை எடுத்து எண்ணெய் தடவினாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அவன் குனிஞ்சப்ப நீ பாத்துட்டுதான இருந்த?"

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"வெயில் உன் முதுகுக்குப் பின்னால இருந்திருக்குமே" என்றாள். கையுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை. ஆமோஸ் முன்வாசல் வழியாக வந்தான். கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. முதல் சுற்றிலேயே எகிறி வந்த ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். முழங்கால் வலிக்கவில்லை. எமிலின் ஞாபகம்கூட வரவில்லை.

சுற்று முடிந்தது. எல்லோரும் கையுறையை வீசிவிட்டு ஓடினார்கள். ஆமோஸ் மட்டும் தன்னுடையதை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

மூன்றாவது தளத்துக்காரன் பார்த்துவிட்டான். "என்ன பெருசு, எவனாவது களவாண்டு போயிடுவான்னு பயமா? இல்ல, உங்க எடத்துல வேற யாராவது வந்து உக்காந்துக்குவாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆமோஸின் காது சிவந்தது. கையுறையைப் புல்லில் வீசினான்.

பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்தான். கண்ணிமைக்காமல் பார்த்தான். கறுப்பு எதுவும் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கிடந்தது, அவனுடையது. கடைசி ஆள் அவுட்டானபோது ஆமோஸ் சத்தம் போட்டே சிரித்துவிட்டான்.

ஓடினான். அருகில் போய் நின்று, காலால் புரட்டிப் பார்த்தான். மணிக்கட்டுப் பட்டையில் அவன் சுட்டுப் பொறித்த எழுத்துகள். லாட்டி தடவிய எண்ணெயின் மினுமினுப்பு. அவனுடையதுதான். சந்தேகமே இல்லை.

எறிபவன் பந்தோடு காத்திருந்தான். கூட்டம் காத்திருந்தது.

குனிந்து, இடது கையை உள்ளே விட்டான்.

ஈரம்.

ஆற்றுச் சேற்றின் வாடை மேலே ஏறி வந்தது.

உள்ளே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. அவை சற்று ஒதுங்கி, அவன் கைக்கு இடம் விட்டன.