தோலுக்கடியில் காற்று

சூடான எண்ணெயைத் தொட்டுத் தாண்டவராயனின் மார்பில் தடவிக்கொண்டிருந்த பூவிழியின் விரல்களுக்கடியில் ஏதோ நொறுங்கியது.

கையை எடுத்து விளக்கருகே பார்த்தாள். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வாசலில் குவித்திருந்த புளியின் வாடையோடு பொழுது சாயும் நேரத்துப் பனி கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ஆட்டின் மணி ஒலித்து நின்றது. கணவனின் வலது அக்குளுக்குக் கீழே மறுபடி மெல்ல அழுத்தினாள். நொறுநொறுவென்றது, தோலுக்கும் சதைக்கும் நடுவில் யாரோ கல்லுப்பைப் பரப்பி வைத்ததுபோல.

"இன்னாங்க இது? உள்ள ஏதோ சத்தம் வருது."

"எண்ணெய் சத்தமா இருக்கும். வுடு."

முந்தாநாள் புளி உலுக்க ஏறியவன் கால் வழுக்கி, கீழ்க்கிளையில் விலா மோதித் தரையில் விழுந்தான். இன்று காலைதான் மலை ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டான். டாக்டர் நிவேதா எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல முறிவு தெரியலைங்க. ஆனா எக்ஸ்ரேல எல்லா விரிசலும் தெரியாது. மலையிறங்கி வேலூர்ல சிடி ஸ்கேன் எடுத்தா தெரியும். விலா முறிஞ்சிருந்தாலும் கட்டு போட மாட்டோம், வலி மாத்திரைதான். ஆனா முறிஞ்ச முனை நுரையீரலைக் குத்தினா காத்து உள்ள கசியும். அதனால தொட்டா ரொம்ப வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ மறைக்காம சொல்லுங்க. ஸ்கேனுக்கு அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டு விலாவை அழுத்தினாள். "வலிக்குதா?"

"லேசாதாங்க."

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவன் கால் விரல்கள் இறுகச் சுருண்டதைப் பூவிழி மட்டும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்கேன் எடுக்கக் கீழே போன மாமனார் வெள்ளைத் துணியில்தான் மலையேறி வந்தார். அந்தப் பயம் அவனுக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது. இன்று ராத்திரி அவன் தன் பக்கத்தில் படுத்திருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வாயைத் திறக்கவில்லை.

"பூவிழி, தண்ணி குடு."

சொம்பை நீட்டியவள் அப்படியே நின்றாள். அது அவன் குரலாக இல்லை. மூக்கால் பேசும் சின்னப் பிள்ளையின் குரல். விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கத்தி நுனியை நுழைத்து அதை அறுத்தபோது அடியில் தோல் நொறுநொறுத்தது. மார்பில் இருந்தது கழுத்துக்கு ஏறிவிட்டது.

அவள் ஆளனுப்பி, அவனுக்குத் தம்பி முறையான ரங்கனின் ஜீப் வந்து நின்றபோது அவன் கன்னங்கள் உப்பியிருந்தன.

மலைப்பாதையில் பனி சுவர்போல நின்றது. ஜீப்பின் வெளிச்சம் அதில் மோதித் திரும்பி அவன் முகத்தில் விழுந்தது. மடியில் கிடந்த தலையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஏதோ ஊர்ந்தது. கன்னத்தில். காதுக்குப் பின்னால். நெற்றியோரத்தில்.

"பூவிழி, நீ எங்க இருக்க?"

"இங்கதாங்க இருக்கேன். உங்க தலை என் மடியிலதான் இருக்குது."

"ஒண்ணுமே தெரியலையே."

இமைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மூக்கு சதைக்குள் அமுங்கிப்போயிருந்தது. உதட்டோரத் தழும்பைத் தேடினாள். காணவில்லை. பதினைந்து வருஷமாகப் பார்த்த முகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு இடம்கூட மிச்சமில்லை.

"காலையிலயே சொல்லியிருக்கணுங்க. நான் பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா இருந்துட்டேன்."

மடியில் தலை கனத்தது.

"ரங்கா, வேகமா போ."

"ரோடே தெரியல அண்ணி."

ஊர்வது நின்றுவிட்டது. நாடி இன்னும் இருக்கிறதா என்று கழுத்தில் விரலை வைத்தாள். தோல் குழிந்தது. மெதுவாக மேலே வந்தது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிவேதா ஓடி வந்தாள். காலையில் தான் பார்த்த ஆள்தானா என்று ஒரு நொடி திகைத்தாள். ஜீப்பிலேயே ஏறி மார்பில் ஊசியைச் செருகினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மார்பு அசையவில்லை. வெகுநேரம் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். கடைசியாக டார்ச்சை அடித்து, உப்பிய இமையை இரண்டு விரலால் பிரித்தாள்.

அந்த முகத்தில் அவன் கண் மட்டும் மாறாமல் இருந்தது. வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. ஈரமாக, நேராகப் பூவிழியைப் பார்த்தது.

"இதோ இருக்கேங்க," என்றாள்.

நிவேதா விரலை எடுத்தாள். தோல் இரு பக்கமிருந்தும் மெல்ல மெல்ல எழும்பி அந்தக் கண்ணை மூடியது.