தும்மலுக்குப் பதில் சொன்ன குரல்

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே அலுப்பு. புதுமடம் ஊர் வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்த யும்னாவுக்குக் கால்வலி. அடுப்படியில் நின்ற உம்மாவுக்கு இடுப்புவலி. சவூதியில், தம்மாமில் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு போன் செய்த வாப்பாவுக்கோ கண்ணையே திறக்க முடியவில்லை.

அலுப்பே தெரியாதது மேசைமேல் இருந்த டேப்லெட் மட்டும்தான். அதிலிருந்த செயலி, வாப்பாவின் குரலிலேயே கதை சொல்லும். பிள்ளைகளோடு பேச நேரமில்லையே என்று வாப்பாதான் தன் குரலைப் பதிவுசெய்து அதைச் செய்து அனுப்பியிருந்தார். யும்னாவின் தம்பி, ஐந்து வயது அஃப்ரித், இரண்டு மாதமாக அதோடுதான் குடித்தனம்.

"ஏலே அஃப்ரித், வாப்பா பேசுறாங்க!" யும்னா போனை நீட்டினாள்.

"அஃப்ரித் கண்ணு... சாப்டியா?" கரகரத்த குரல் கேட்டது.

அஃப்ரித் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது வாப்பா இல்ல லாத்தா. வாப்பா சிரிச்சு சிரிச்சுப் பேசுவாங்க. அங்கன இருக்காங்க பாரு!" என்று டேப்லெட்டைக் காட்டினான்.



"சரி யும்னா, நான் வெச்சிர்றேன்" என்றார் வாப்பா.

யும்னா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"வெக்காதீங்க வாப்பா! ரெண்டே நிமிசம்!"

விண்வெளிக் கதைகளில் மனிதர் யார், இயந்திரம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய பெரிய கருவிகள் வைத்திருப்பார்கள். யும்னாவுக்குக் கிடைத்தது பாயிலிருந்து பிய்ந்த ஒரு நூல்.

கதை சொல்லிக்கொண்டிருந்த டேப்லெட்டையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நூலைத் திரித்துத் தம்பியின் மூக்கில் விட்டாள்.

"கூசுது லாத்தா... ஹச்! அல்ஹம்துலில்லாஹ்!"

தும்மியவர் அப்படிச் சொன்னதும், கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்', அதாவது அல்லாஹ் உனக்கு அருள்வானாக, என்று துஆ சொல்வது அவர்கள் வீட்டில் மாறாத வழக்கம்.

டேப்லெட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "அப்புறம் அந்த முயல் என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே போனது.

போனில் தூக்கக் கலக்கத்தில் குரல் குழறியது. "யர்ஹமுகல்லாஹ்... ஏலே, இன்னைக்கும் ஐஸ் தின்னியா?"

அஃப்ரித் வாயைப் பிளந்தான். டேப்லெட்டைத் தானே அணைத்தான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாப்பா?" என்றான்.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. போனை அணைக்க யும்னா கையை நீட்டினாள்.

"வெக்காத லாத்தா!" என்று தடுத்தவன், போனைக் காதோடு வைத்துப் பாயில் படுத்துக்கொண்டான்.

உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாப்பாவா பேசுறாங்க? என்ன சொல்றாங்க?"

"சத்தம் போடாதீங்க உம்மா" என்று அஃப்ரித் பெருமையாகக் கிசுகிசுத்தான். "வாப்பா தூங்குறாங்க."