ஒன்பது இன்ச் சுவர்

வெயிலே படாத சுவர் சுட்டது.

"என்னம்மா, இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது," என்றார் ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன் ஆசீர், கையை உதறிக்கொண்டே. ஸ்ரீரங்கத்து மே மாதத்தில் சுடாத சுவர் ஏது என்று ஆனந்தவள்ளி சொல்லியிருக்கலாம். ஆனால் இது வீட்டின் நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டி எழுப்பிய பாகப்பிரிவினைச் சுவர். இந்தப் பக்கமும் அறை, அந்தப் பக்கமும் அறை. சூரியனுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"பூட்டிக் கிடக்குற வீடுல்ல, சூடு உள்ளயே நிக்கும்," என்றாள்.

"ஒரு வருஷமாவா நிக்கும்?"

ஆசீர் பென்சிலால் நாலு புள்ளி வைத்தார்.

அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் முருகானந்தத்தின் பங்கு. போன மே மாதம் அவன் அங்கே தனியாகச் செத்துக் கிடந்தான். மூன்றாம் நாள்தான் தங்களுக்கே தெரியும் என்று அவளும் புருஷனும் தெருவில் சொல்லிவைத்திருந்தார்கள்.

மறுநாள் மகள் பவித்ரா ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வருகிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, அதுவும் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. "இந்த வெக்கையில மூச்சு முட்டும். காத்து ஓடுற ரூம்ல வைங்க," என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். ஏசி வைத்தால் சளி பிடிக்கும் என்று சம்பந்தி வீட்டில் ஒரே பிடிவாதம். மேலே ஓடும் ஃபேனோ மொட்டைமாடிச் சூட்டைத்தான் அள்ளிக் கொட்டும். அதனால் வால் ஃபேன். சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடையில் ஆனந்தவள்ளியின் புருஷன் வீரமலை இருப்பதிலேயே பெரியதைத் தட்டிக் காட்டினார்.

"வீட்டுக்கா, மண்டபத்துக்கா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்குத்தான்."

"அப்ப சின்னது போதுமேங்க. இது பட்டறைக்கு மாட்டுறது. இருபத்திநாலு இன்ச்சு, பதினாறு கிலோ. சத்தம் வரும்."

"வரட்டும். வேற சத்தம் கேக்காதுல்ல," என்றார் வீரமலை.

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பதினாறு கிலோ ஆடினால் தாங்க வீட்டில் ஒரே சுவர்தான் உண்டு. மற்றதெல்லாம் நாலரை இன்ச் அரைக்கல் சுவர். இதை மட்டும் வீரமலை கூடவே நின்று ஒன்பது இன்ச்சுக்கு எழுப்பினார், தம்பி தும்மினால்கூடக் காதில் விழக்கூடாது என்று. ஜன்னல் மூன்றும் இவர்கள் பங்கில் விழுந்தன. பொதுச்சுவரில் இரு தரப்பாரும் துளையிடலாகாது என்று பத்திரத்தில் ஒரு வரியும் எழுதினார்கள்.

ஒருநாள் முருகானந்தம் வாசலில் வந்து நின்றான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அண்ணி, நடுச்சுவத்துல மேலாக்க ஒரு வெண்டிலேட்டர் மட்டும் வச்சுக்கிறேன். உங்க ஜன்னல் காத்து கொஞ்சம் வந்தாப் போதும். படுத்தா மூச்சு வரமாட்டேங்குது."

"உங்க அண்ணனைக் கேளுங்க தம்பி."

"அவரு எங்க என்கிட்ட பேசுறாரு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"பத்திரத்துல இருக்குல்ல," என்றாள். சட்டம் படித்தவள் மாதிரி.

இன்று அதே சுவரில் நாலு துளை. யாரைக் கேட்க வேண்டும்?

மூன்று துளை கச்சிதமாக இறங்கியது. நாலாவதில், கறுமுறு என்று அரைத்துக்கொண்டே போன டிரில், பொசுக்கென்று கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. ஆசீர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இது ஒம்போது இன்ச்சுதானே?"

"ஆமா," என்றார் வீரமலை, கட்டிலில் உட்கார்ந்தபடியே.

"நாலு இன்ச்சுலயே சுவரு தீந்துபோச்சுங்க." செல்போன் வெளிச்சத்தைத் துளையில் வைத்துப் பார்த்தார். "அந்தப் பக்கத்துலேருந்து யாரோ கொத்தியிருக்காங்க. நல்ல பெரிய குழி."

"சிமெண்ட்டை வச்சு அடை. ஃபேன் தகட்டை நாலு விரல் தள்ளி மாட்டு."

யார் கொத்தியது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முருகானந்தத்தின் கதவை உடைத்து முதலில் உள்ளே போனவர் இவர்தான். சாய்ந்து கிடந்த ஸ்டூலையும் வளைந்துபோன கரண்டியையும் உதிர்ந்த செங்கல்லையும் பார்த்தவர் இவர்தான்.

"என்னங்க… தம்பி போறதுக்கு முந்தி ரெண்டு நாளா கேட்ட சத்தம்…"

"ஆணி அடிக்கிறான்னு அப்பவே சொன்னேன்."

ஆணி இல்லை என்று இரண்டாம் நாள் மத்தியானமே அவளுக்குத் தெரியும். ஆணி அடிப்பவன் அடிக்கு அடி அவ்வளவு நேரம் இளைப்பாற மாட்டான். அன்றைக்கு அவள் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்தாள்.

பவித்ரா வந்ததும் ஃபேனைப் பார்த்துச் சிரித்தாள். "என்னப்பா, ரூம்ல ஹெலிகாப்டர் வாங்கி மாட்டியிருக்கீங்க?"

ஆசீர் சொன்னபடி, பிள்ளை மேல் நேராகப் படாமல், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி முகத்தைத் திருப்பிவைத்தார்கள். உத்தரத்துக் கொக்கியில் தூளி தொங்கியது. நாலு நாள் நன்றாகவே போயிற்று. பிள்ளை குடித்தது, தூங்கியது. சம்பந்தியம்மாகூட வந்து பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் காப்பியைக் குறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சாதம் வடித்த கஞ்சி வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது, பழைய காரைத்தூளும் காய்ந்த வியர்வையும் கலந்த, கதவு திறக்காத அறையின் வாசனை. ஃபேனின் இரைச்சலிலும் ஏதோ மாறியிருந்தது. ஒரே சீராக ஓடவேண்டிய சத்தம் நடுவில் ஒருமுறை தேய்ந்து, திணறி, மறுபடி ஏறி, மறுபடி தேய்ந்தது, நெஞ்சில் சளி கட்டியவன் இழுப்பது போல.

"காத்தே வரலம்மா," என்றாள் பவித்ரா, பாயில் கண்ணைத் திறக்காமலே. தலையணை முழுக்க வியர்வை.

"ஃபுல்லுலதானே ஓடுது."

"வரலம்மா."

ஆனந்தவள்ளி ஃபேனுக்கு முன்னால் போய் நின்றாள். றெக்கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. முகத்தில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. முந்தானை மட்டும் மெல்ல எழுந்தது. அவளை விட்டு விலகி, முன்னே. சுவரை நோக்கி.

சிமெண்ட் அடைத்த இடத்தில் சிமெண்ட் இல்லை. ஒரு கறுப்புத் துளை.

ஸ்விட்சை அணைத்தாள். றெக்கை நின்றது. முந்தானை நிற்கவில்லை.

திரும்பினாள்.

தூளி நேராகத் தொங்கவில்லை. கயிறு விறைத்து, சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. யாரும் பிடிக்கவில்லை. துணிக்குள் பிள்ளை வாயைத் திறந்திருந்தது. அழவில்லை. அழ அதனிடம் காற்று இல்லை. உதட்டோரம் நீலம்.

"பவித்ரா. எந்திரிடி."

எழவில்லை.

தூளியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். துளையை உள்ளங்கையால் பொத்தினாள்.

தூளி தளர்ந்தது. நேராக வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அப்பாடா என்று அவள் கண்ணை மூடினாள்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ இருந்தது. செங்கல் இல்லை. வறண்டது. வெடித்தது. இரண்டு.

உதடு.

கடிக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தது. மெதுவாக. பொறுமையாக. எத்தனை நாள் வேண்டுமானாலும்.

"தம்பி," என்றாள். "பச்சப் பிள்ளை தம்பி."

அழுகை கேட்டு பவித்ரா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இந்த வயசுல ஸ்டூல் மேல என்ன வேலை? விழுந்து வைக்கப் போற. இறங்கு."

"கிட்ட வராதே. பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய போ."

"உளறாத. மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாரு. கையைக் கொடு."

"போடி வெளிய…"

பவித்ரா இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

உள்ளங்கை சுவரை விட்டு எழும்பியது. அடியில் உதடுகள் அகலத் திறந்தன.